நாய்க்கு இடம் இருந்த படம்

அந்தப் படத்தை வெட்டியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏதோ பெரிய யோக்கியன் என்று நினைத்துக்கொண்டு படிப்பீர்கள்.

காரைக்குடியில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் பதினாறு வருடமாக டிசைனர் வேலை. காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர் பிறந்தநாள் என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் என் கம்ப்யூட்டரைத் தாண்டித்தான் முச்சந்திக்குப் போகும். வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான், "கொஞ்சம் கலர் ஏத்தி விடுங்கண்ணே." செத்துப்போனவரைக்கூடச் சிவப்பாக்கித்தான் வழியனுப்புவார்கள். நானும் ஏற்றி விடுவேன். யாருடைய தோலையும் அதன் நிறத்தில் இருக்க விடாத வேலை இது என்று அதுவரை எனக்கு உறைத்ததில்லை.

போன வருடம் பாரம்பரிய விழா என்று ஒன்று நடந்தது. கோவிலூர் போகும் வழியில் ஒரு பெரிய வீட்டில் கண்காட்சி. விழாக்குழுவிலிருந்து இருபது பேனருக்கு வாசகமும் படங்களும் வாட்ஸ்அப்பில் வந்தன. ஒன்றுக்குத் தலைப்பு, "கடல் கடந்தோம், காடு திருத்தினோம்". மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் எடுத்த பழைய படம். நடுவில் நாற்காலியில் வெள்ளைக்காரத் துரை. பக்கத்து நாற்காலியில் நம் ஊர்ப் பெரிய வீட்டுக்காரர், தோட்டத்தில் பங்கு வைத்திருந்தவர். துரையின் காலடியில் ஒரு நாய். அதற்கும் கீழே, வெறுந்தரையில், மூன்று வரிசையாகக் குத்தவைத்திருந்தார்கள் தோட்டத்து ஆட்கள். இடுப்பில் ஒரு துண்டு, தலையில் ஒரு துண்டு, முப்பத்தொரு பேர்.

குழுவின் செயலாளர் படத்தோடு ஒரு குரல் பதிவும் அனுப்பியிருந்தார். "தம்பி, கீழ உக்காந்திருக்கவகளை எடுத்துருங்க. பாக்க ஒரு மாதிரியா இருக்கு. நாயி இருக்கட்டும். நாயி நல்லா விழுந்திருக்கு."

வெட்டினேன். இரண்டு நிமிட வேலை.

அதன்பிறகு வாசகத்தை ஒட்டும்போதுதான் தோட்டத்தின் பெயரைப் பார்த்தேன். அந்தப் பெயர் எங்கள் வீட்டில் சாமி பெயரைப் போலவும் கெட்ட வார்த்தையைப் போலவும் புழங்கிய பெயர். என் ஐயா, அதாவது அப்பா, பிறந்தது அந்தத் தோட்டத்து லயத்தில், கூலிகளை அடைத்து வைத்த வரிசை வீட்டில். நெற்குப்பைப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து, தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணி கூட்டிக்கொண்டு போன ஆட்களில் ஐயாவின் அப்பாவும் ஒருவர். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி ஓரத்து வாய்க்காலுக்குள் நிற்க வேண்டுமாம். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் அவரை லாரியில் ஏற்றி, சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனான். அதோடு சரி. ஐயாவுக்கு அப்போது மூன்று வயது. சண்டை முடிந்து தாயும் பிள்ளையும் மட்டும் கப்பலேறி ஊர் வந்து சேர்ந்தார்கள். அப்பன் முகம் ஐயாவுக்கு நினைவில்லை, ஒரு படமும் இல்லை. எண்பது வயது தாண்டியும் அமாவாசைக்கு வெறும் சுவரைப் பார்த்துத்தான் கும்பிடுகிறார்.

பேனரின் கடைசி வரி இது: "தொழிலாளர்கள் மனமுவந்து வந்து, ஒரே குடும்பமாய் வாழ்ந்தனர்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. குடும்பமாம். வீட்டுப் படத்திலிருந்து முப்பத்தொரு பேரை வெட்டிவிட்டு நாயை வைத்துக்கொள்கிற குடும்பம். காடு திருத்தினோம் என்றால் யார் திருத்தினார்கள்? நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களா? ஆனாலும் என்ன செய்தேன்? வாசகத்தை ஒட்டினேன், எழுத்துக்கு நிழல் போட்டேன், அச்சுக்கு அனுப்பினேன். ஆர்டர் கொடுத்தவரிடம் டிசைனர் என்னத்தைப் பேசுவது.

பேச முடியாததை மீமாகப் போட்டேன். மலேசியத் தமிழ்ப் பிள்ளைகள் நடத்துகிற ஒரு பக்கத்தை நான் தொடர்ந்து பார்ப்பேன். அதில் ஒருமுறை ஒரு மீம் வந்தது: ஒரு பாதியில் சயாம் ரயில் பாதை போட்டுச் செத்த வெள்ளைச் சிப்பாய்களின் வரிசை வரிசையான கல்லறைகள், மறுபாதியில் வெறும் புல்லும் புதரும். கீழே, "நம்மாளுங்க இங்கதான் எங்கயோ". பள்ளிக்கூடப் புத்தகத்தில் எனக்கு யாரும் சொல்லாததை அந்த ஒரு மீம் சொன்னது. அதே மாதிரி இடது பக்கம் முழுப் படம், வலது பக்கம் பேனர்ப் படம் வைத்தேன். வெட்டுப்பட்டவர்களில் ஒருவர் தலைக்கு மேல் ஒரு வட்டம் போட்டு, "அண்ணே, நாயி மட்டும் உள்ள போயிருச்சு. எங்களுக்கு டிக்கெட் இல்லையா?" என்று எழுதினேன். பொய்ப் பெயரில் ஒரு கணக்கு திறந்து போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையிலேயே கடை போன் அடிக்க ஆரம்பித்தது. மதியத்துக்குள் எங்கிருந்தெல்லாமோ அழைப்பு. சிரித்தவர்கள், திட்டியவர்கள், கோலாலம்பூரிலிருந்து அழுதுகொண்டே பேசிய ஒரு பெண், எல்லாரும் கூப்பிட்டது கடை நம்பருக்குத்தான். எப்படி என்று எனக்குப் புரியவே இல்லை. கடை முதலாளி, நாங்கள் பாய் என்று கூப்பிடுகிறவர், தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். மீமின் வலது கீழ் மூலையில், மஞ்சள் எழுத்தில், எங்கள் கடையின் பெயரும் போன் நம்பரும் பளிச்சென்று இருந்தன. எந்த டிசைன் செய்தாலும் கடைசியில் மூலையில் அதை ஒட்டாமல் என் கை எழுந்திருக்காது. பதினாறு வருடப் பழக்கம். ஒளிந்துகொண்டு கல்லெறிந்தவன் கல்லில் முகவரி எழுதி எறிந்திருக்கிறேன்.

"ஏன்யா, உனக்கு ரோஷம் வந்தா ஏங் கடைதான் கெடச்சுச்சா?" என்றார் பாய். சத்தம் போடவில்லை. "ஏந் தம்பியும் சவுதியில இப்படித்தான் வெயில்ல கெடக்கான். நீ சொன்னது தப்புன்னு சொல்லல. ஆனா விழாக்காரவுக இனிமே நம்ம கடைக்கு வருவாகளா?"

வீட்டுக்குப் போனால் அங்கே அதைவிடப் பெரிய கச்சேரி. பக்கத்து வீட்டுக்காரர் மீமை ஐயாவிடம் காட்டியிருந்தார். ஐயா மெச்சுவார் என்றுதான் நினைத்தேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"எங்கப்பன் உங்கிட்ட வந்து டிக்கெட் கேட்டாராடா?"

"அது நம்ம ஆளுகளுக்காகப் போட்டதுய்யா. அவுக செஞ்ச அநியாயத்தை..."

"அவுக நம்ம ஆளுக வாயப் பொத்துனாக. நீ அந்த வாயில ஒன் பேச்சை வச்சிட்ட. ஊரே நம்ம ஆளுகளப் பாத்துச் சிரிக்குது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை காலமாக அவர்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர், பேசியவனைப் பிடித்து உலுக்குகிறாரே என்று. ஆனால் அவர் சொன்னதில் பொய் இருந்தால் எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது. கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்.

"இதுல அவரு இருப்பாரா?"

போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். பெரிதாக்கினால் முகங்கள் கட்டம் கட்டமாகக் கரைந்தன. வாட்ஸ்அப்பில் வந்த படத்துக்கு அவ்வளவுதான் உயிர். நல்ல முகம் வேண்டுமென்றால் கண்காட்சி நடக்கிற பெரிய வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிற அசல் படத்தை ஸ்கேன் செய்ய வேண்டும். அதற்கு நான் யாரைக் கேலி செய்தேனோ அவர்களிடம்தான் போய் நிற்க வேண்டும்.

போனேன். செயலாளர் நன்றாகத்தான் பேசினார். காபி கொடுக்கச் சொன்னார்.

"வெள்ளைக்காரன் காலம் தம்பி. அவன் வச்சதுதான் சட்டம். நம்மவுக என்ன செய்ய முடியும்?"

"நாற்காலியில உக்காந்திருக்காகளே, இறங்கிக் கீழ உக்காந்திருக்கலாமே" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. "படம் வேணுமா? தாரோம். மொதல்ல அந்த மீமை எடுத்துட்டு, தவறான தகவல் பரப்பியதுக்கு வருந்துறேன்னு ஒரு வரி போட்டுருங்க. எங்களுக்கும் விழா நல்லபடியா முடியணும்ல."

தவறான தகவல். படத்தை வெட்டியது தகவல், வெட்டாமல் காட்டியது தவறு. எழுந்து வந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. என் வயதில் அதற்கு நெஞ்சுரம் இருந்தது. ஐயாவின் வயதில் நேரம் இல்லை. அங்கேயே உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல அந்த வரியை டைப் செய்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய ஆகக் கேவலமான வரி அது. மீமை எடுத்தேன். என் கணக்கிலிருந்து எடுத்தேன், அவ்வளவுதான். அதற்குள் அது எத்தனையோ போன்களில் இறங்கி, வேறு வேறு பேச்சுகளோடு கிளம்பிவிட்டது. விழாவுக்கு வந்த கல்லூரிப் பிள்ளைகள் அந்தப் பேனருக்கு முன்னால் தரையில் மூன்று வரிசையாகக் குத்தவைத்துப் படம் எடுத்துப் போட்டார்கள். யார் சொல்லியும் இல்லை. இரண்டாம் நாள் அந்தப் பேனர் மட்டும் அங்கே இல்லை.

அசல் படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து ஸ்கேன் செய்தபோது அட்டையின் அடியில் வெள்ளை மையில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். துரையின் பெயர், பெரிய வீட்டுக்காரரின் பெயர், நாயின் பெயர், அதன் பிறகு "மற்றும் கூலிகள்". நாயின் பெயர் எனக்கு இப்போது மனப்பாடம். இதை எழுதும்போதும் அந்த அட்டையைக் கிழித்துப் போட வேண்டும் போல இருக்கிறது.

நாற்காலிகளை வெட்டினேன். துரையை, பங்குதாரரை, நாயை. கீழே இருந்தவர்களை மட்டும் வைத்து, நான்கடி அகலத்தில் அச்சுப் போட்டேன். கலர் ஏற்றவில்லை. மூலையில் எதுவும் ஒட்டவில்லை. பாய் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஐயா கட்டிலை அதற்கு எதிரே இழுத்துப் போடச் சொன்னார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் பார்த்தார். அரை நாள் பார்த்தார். கடைசியில் இரண்டாவது வரிசையில், கண் கூசி முகம் சுளித்திருந்த ஒருவரின் மேல் விரல் நின்றது.

"இவருதான்."

மூன்று வயதில் பிரிந்தவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தால், ஐயா முதல் வரிசை ஓரத்தில் இருந்த வேறொருவர் முகத்துக்குத் திருநீறு பூசிக்கொண்டிருந்தார்.

"நேத்து வேற ஆளைக் காட்டுனீகளேய்யா."

"அவருந்தான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த முகத்துக்குப் போனார்.