கறையான் தின்ற மங்குஸ்தான்

மட்டக்களப்புப் பக்கத்தில் ஆம்பிளைக்குச் சொந்த வீடு என்று ஒன்று வாய்ப்பது அபூர்வம். பிறந்த வீடு அக்காவுக்கோ தங்கைக்கோ போய்விடும். கல்யாணம் முடித்துப் போய்க் குடியிருப்பது மனைவியின் வீடு. மகள் வளர்ந்துவிட்டால் அந்த வீடும் அவளுக்குச் சீதனம். அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து, ஊராரின் காணிப் பிணக்குகளுக்கெல்லாம் கடிதம் எழுதி ஓய்வு பெற்ற எனக்கு என் பெயரில் ஒரு சாண் நிலமும் இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் ஊர் ஆண்கள் எல்லாருக்கும் இதுதான் கதி. அதற்காக யாரும் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருப்பதில்லை. நானும் அந்த ரகம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மங்குஸ்தான் வந்தது ஒரு கொழும்புப் பயணத்தில். கண் காட்டப் போய்விட்டுத் திரும்பும்போது பஸ் நிலையத்துக்கு வெளியே கூடையில் வைத்து விற்றார்கள். ஒரு பை வாங்கி வந்தேன். தடித்த ஊதாத் தோலை நசுக்கிப் பிளந்தால் உள்ளே பூண்டுப் பல்லுப் போல வெள்ளைச் சுளைகள். மனைவி ஒரு சுளையை வாயில் போட்டு, "நல்லாத்தான் இரிக்கி. இந்தக் காசுக்கு ரெண்டு பலாப்பழம் வாங்கியிரிக்கலாம்" என்றாள். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகள் தின்ற சுளையில் ஒரு கொட்டை இருந்தது. எல்லாச் சுளையிலும் கொட்டை இராது. பெரிய சுளையில்தான் இருக்கும். துப்பப் போனவளிடம் கையை நீட்டி வாங்கினேன்.

அந்தக் கொட்டை காய்ந்தால் செத்துவிடும் என்று எங்கோ வாசித்திருந்தேன். அன்றைக்கே யோகட் கோப்பைகளில் தேங்காய்த் தும்புத்தூளும் மணலும் போட்டு, கிடைத்த கொட்டைகளை ஊன்றினேன். சில அழுகின. ஒன்றைக் கோழி கிளறிப் போட்டது. மகளிடம் வாங்கிய கொட்டையா மற்றதா தெரியாது, ஒன்று மட்டும் முளைத்தது.

முளைத்தது என்று சொல்லலாமே தவிர வளர்ந்தது என்று சொல்ல முடியாது. வருடம் முடியும்போது அதில் இரண்டு சோடி இலைகள் இருந்தன. பக்கத்தில் தானாக விழுந்து முளைத்த பப்பாசி அதற்குள் காய்த்து, நாங்கள் தின்று, கிழடாகியும் விட்டது. மங்குஸ்தான் மழை கொட்டுகிற ஊர்களின் மரம். எங்கள் மணலில் அது நிற்க ஒரு நியாயமும் இல்லை. வறண்ட கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வாவிப் பக்கத்துக் கிணறுகள் உவர்க்கத் தொடங்கிவிடும்; அந்தத் தண்ணீரை ஊற்றினால் இலை நுனி கருகும். கோயிலடிக் கிணற்றிலிருந்து பிளாஸ்டிக் கானில் நல்ல தண்ணீர் பிடித்துச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவருவேன். சுற்றித் தேங்காய் உரிமட்டை புதைத்தேன். மேலே தென்னங்கிடுகு கட்டி நிழல் போட்டேன். தேநீர்க் கடையில், "என்ன, மரத்துக்கு இன்டைக்குக் குளிப்பாட்டியாச்சா?" என்று கேட்பார்கள். நானும் சளைக்காமல், "காய்க்கட்டும், உங்களுக்குத் தோல் தாறன்" என்பேன்.

வருடங்கள் போக அது என் உயரத்துக்கு வந்தது. தடித்த, பளபளத்த இலைகள். தளிர் மட்டும் இளஞ்சிவப்பாக வரும். இந்தப் பகுதியில் வேறெங்கும் மங்குஸ்தான் இல்லை என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் தேடிப் பார்த்ததில்லை. இருக்கக் கூடாது என்ற விருப்பம்தான்.

மகளுக்குக் கல்யாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை வாழைச்சேனைப் பக்கத்துப் பிள்ளை. அரச வேலை, அடக்கமான பேச்சு. வீட்டைத் திருத்தத் தொடங்கினோம். நானும் மனைவியும் வாவிக்கரைப் பக்கம் அவளுக்கிருந்த சிறு துண்டுக் காணியில் இரண்டு அறை கட்டிக்கொண்டு போவதென்று ஏற்பாடு. அதுவும் மனைவியுடைய காணிதான் என்று சொல்லத் தேவையில்லை.

வீட்டை மகள் பெயருக்கு மாற்றும் உறுதி எழுத நொத்தாரிசு வீட்டுக்கே வந்தார். கொடுப்பவள் என் மனைவி, பெறுபவள் என் மகள். எனக்கு அந்தக் கடதாசியில் வேலை இல்லை. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தேன். அவர் வாசித்துக் காட்டினார்: வீடு, வளவு, கிணறு, வான்பயிர்கள் யாவும் உட்பட. வான்பயிர் என்றால் வளவில் நிலைத்து நின்று பலன் தரும் மரங்கள்.

"அந்த மங்குஸ்தானும் வான்பயிருக்குள்ள வருமா?" என்று கேட்டேன். பகிடியாகத்தான் கேட்டேன். அல்லது அப்படித்தான் தொடங்கினேன்.

நொத்தாரிசு மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "காய்க்காட்டியும் மரம் மரம்தானே ஐயா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டைக் கொடுத்தபோது நோகவில்லை. வளவைக் கொடுத்தபோதும் நோகவில்லை. நான் தண்ணீர் சுமந்த மரத்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள், அதற்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று நொந்தது. தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள்.

கல்யாணத்துக்கு முன் களுதாவளைப் பிள்ளையாருக்கு நேர்த்திக்கடன் ஒன்று இருந்தது. வேன் பிடித்து எல்லாரும் புறப்பட்டார்கள். மாப்பிள்ளையின் தாயும் வந்து சேர்வதாக ஏற்பாடு. முழங்கால் நோகிறது என்று சொல்லி நான் நின்றுவிட்டேன். பிள்ளையாருக்கே பொய் சொன்னவனுக்கு அதற்குப் பிறகு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. மேசன்மாருக்கும் அன்று லீவு. அவர்களுடைய தள்ளுவண்டி சுவரோரம் நின்றது.

மண்வெட்டியும் அலவாங்கும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். மணல் மண், தோண்டச் சிரமமில்லை. ஆனால் ஆணிவேர் போய்க்கொண்டே இருந்தது. மங்குஸ்தானுக்குப் பக்கவேர் குறைவு, வேரை அலைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். இத்தனை வருடம் இந்த மரத்தைப் பற்றி ஊருக்கு வகுப்பெடுத்தவனே நான்தான். தெரிந்துகொண்டுதான் கடைசியில் பொறுமை இழந்து வேரைக் கொத்தினேன். வெட்டுவாயில் மஞ்சள் பால் கசிந்தது. கையெல்லாம் ஒட்டியது.

வண்டியில் சாய்த்து வைத்துத் தள்ளிக்கொண்டு போகையில் மீன்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன ஐயா, வீட்ட மகளுக்குக் குடுத்திட்டு மரத்தக் கொண்டு போறீங்களா?"

அவர் விளையாட்டுக்குத்தான் கேட்டார். "பந்தல் போட இடம் காணாது" என்றேன். அவர் நம்பிவிட்டுப் போனார். எனக்குக் காது சூடேறியது.

வாவிக்கரைக் காணியில், தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் குழி வெட்டி நட்டேன். அந்த மண் பழைய வளவைவிட உப்பு. அதுவும் எனக்குத் தெரியும். திரும்பி வந்து பள்ளத்தை மூடி, கூட்டி, மேலே குரோட்டன் சாடி ஒன்றை இழுத்து வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. வீட்டாருக்கு என்ன சொல்வதென்று மட்டும் யோசித்திருக்கவில்லை. என் மரம், நான் எடுத்தேன், அவ்வளவுதான் என்று ஒரு வீறாப்பு இருந்தது.

வேன் வந்து நின்றது. மகளோடு மாப்பிள்ளையின் தாயும் இறங்கினா. நெற்றியில் திருநீறு, கையில் அர்ச்சனைத் தட்டு. வாசலில் கால் வைத்ததுமே அவ கேட்ட முதல் கேள்வி:

"மகள், அப்பா கொட்டையில இருந்து வளத்த மரம் எண்டீங்களே, எங்க? வழி நெடுக அதத்தானே சொல்லிக்கொண்டு வந்தீங்க."

மகள் என் பக்கம் திரும்பாமல் முற்றத்தின் மூலைக்குப் போனாள். குரோட்டன் சாடியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் கைகளைப் பார்த்தாள். சவர்க்காரம் போட்டும் போகாத மஞ்சள் விரலிடுக்கெல்லாம் கிடந்தது. நான் வாயைத் திறக்க முன் அவள் சொன்னாள்:

"அது கறையான் அரிச்சிட்டு மாமி. தப்பாது எண்டு அப்பா புடுங்கிட்டார்."

மாமி உச்சுக் கொட்டினா. "ஐயோ பாவம். பிள்ளையப் போல வளத்திரிப்பீங்க, மனசு எவ்வளவு நொந்திரிக்கும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னா. நான் தலையாட்டினேன். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று சொல்வார்களே, அது வெறும் பேச்சில்லை. என் மரத்தை இவள் வாங்கிக்கொண்டாள் என்று நான் கருவிக்கொண்டு வேரை வெட்டிய நேரத்தில், அவள் வேனில் இருந்துகொண்டு அந்த மரத்தைச் சொல்லி என்னைப் பெருமைப்படுத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

அன்று பின்னேரம் மாமி போன பிறகு மனைவி ஒன்றே ஒன்று சொன்னாள். "மகளுக்குக் குடுத்த வளவில களவெடுத்த தகப்பன் ஊரில நீங்க ஒராள்தான்." பிறகு அரிசி கழுவப் போய்விட்டாள்.

மகள் அதுவும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை ஏசி, அத்தோடு ஆறியிருக்கும். அவள் வழக்கம் போல, "அப்பா, சாப்பிட வாங்க" என்றாள். சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்தாள். அப்போதுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. குடலிறக்கத்துக்கு வெட்டி நான் ஆஸ்பத்திரியில் கிடந்த கச்சான் காலத்தில், கோயிலடிக் கிணற்றிலிருந்து கானில் தண்ணீர் கொண்டுவந்து அந்த மரத்துக்கு ஊற்றியது யார்? சைக்கிள் ஓட்டத் தெரியாமல் உருட்டிக்கொண்டே வந்தவள் இவள்தான். என் மரம் என் மரம் என்று சொல்லிச் சொல்லி, அதை நான் சுத்தமாக மறந்துபோயிருந்தேன். மன்னிச்சிரு மகள் என்று கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்கவில்லை. தகப்பன் என்ற திமிர் ஒன்று இருக்கிறது, அது வெட்கத்தைவிடப் பெரியது.

கல்யாணம் நல்லபடி முடிந்தது. எல்லாரும் பந்தலைப் பார்த்தார்கள், நான் குரோட்டன் சாடியைப் பார்த்தேன். பிறகு நானும் மனைவியும் வாவிக்கரை வீட்டுக்குக் குடிபோனோம். அங்கே மரம் நட்ட சில நாட்களிலேயே இலை தொங்கத் தொடங்கியிருந்தது. கோயிலடித் தண்ணீரையே ஊற்றினேன். பலனில்லை. பிடுங்கி எறியவும் மனம் வரவில்லை; எறிந்தால் செய்ததை ஒத்துக்கொண்ட மாதிரி.

பொய் சொன்னவள் மகள். அதன் பலன் என்னைத் தேடி வந்தது. மகளின் வீட்டில் கறையான் இருக்கிறது என்று மாமிக்குப் பயம் பிடித்துவிட்டது. கதவு, நிலை எல்லாம் புதுப் பலகை. மாப்பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை கறையான் மருந்தும், முதுகில் சுமந்து வயலுக்கு மருந்தடிக்கிற தாங்கியும் வாங்கி வந்தார். முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு அத்திவாரத்தைச் சுற்றி அடித்தார். குரோட்டன் சாடியை நகர்த்தி அந்த மண்ணுக்கு இரண்டு மடங்கு அடித்தார். "கூடு இதுக்குள்ளதான் இரிக்கும் மாமா" என்றார். வெயிலில் சேட்டு நனைந்து முதுகோடு ஒட்டிக் கிடந்தது. இல்லாத கறையானுக்கு அந்தப் பிள்ளை படுகிற பாட்டை நான் கதிரையில் சாய்ந்திருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் குசினி வாசலில் நின்றாள். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

வேலை முடிந்ததும் மாப்பிள்ளை தாங்கியைக் குலுக்கிப் பார்த்தார்.

"மருந்து மிச்சம் கிடக்கு. வாங்க மாமா, உங்கட வீட்டுக்கும் அடிச்சிட்டு வருவம்."

"அங்க ஒண்டும் இல்ல தம்பி. அது முழுக்கச் சீமெந்து."

"நிலை பலகைதானே மாமா. இஞ்ச வந்தது அங்க வர எவ்வளவு நேரம்?"

மகள் குசினிக்குள் போய்விட்டாள். ஒழுங்கை வழியே அவர் தாங்கியைச் சுமந்துகொண்டு முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன். வெளியே வேலை இருக்கிறது என்று சொல்லித் திரும்பிவிடலாமா, கதவுத் திறப்பைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்லலாமா என்று புத்தி ஓடியது. பொய் சொல்லிப் பழகியவனுக்கு அன்று ஒரு பொய்யும் உதவவில்லை.

முன்பக்கம் அடித்தார். பக்கச் சுவருக்கு அடித்தார். தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் திரும்பினார். மருந்தடிக்கிற சத்தம் நின்றது.

நான் மூலையில் நின்று எட்டிப் பார்த்தேன். என் உயரத்துக்கு மரம் நின்றது. இலைகள் தவிட்டு நிறத்தில் காய்ந்து, விழாமல் தொங்கிக்கொண்டிருந்தன. பாத்தியில் நான் காலையில் ஊற்றிய தண்ணீரின் ஈரம் இருந்தது. அவர் முதலில் மரத்தைப் பார்த்தார், பிறகு பாத்தியை. அவருக்கு விளங்கிவிட்டது. தன் மனைவி தன் தாயிடம் சொன்னது பொய் என்று விளங்கியது, யாருக்காகச் சொன்னாள் என்றும் விளங்கியது. இனி இந்தப் பிள்ளை என்னை எப்படி மாமா என்று கூப்பிடும் என்று நான் நினைத்தேன்.

அவர் திரும்பவில்லை. குனிந்து, செத்த மரத்தின் அடியைச் சுற்றி மெதுவாக, ஒரு இடம் விடாமல் மருந்து அடித்தார்.

"இதுக்கும் அடிச்சிட்டன் மாமா" என்றார், தரையைப் பார்த்தபடியே. "இல்லாட்டி இதையும் கறையான் அரிச்சிரும்."

"ஓம் தம்பி" என்றேன்.