துவானுக்கு என்று சொல்லிவிட்டேன்

சாலைத் தடுப்பில் இருந்தவர்கள்: மலாய் சார்ஜன் ஒருவர். துப்பாக்கி பிடித்த மாத்தா, அதாவது போலீஸ்காரர், இரண்டு பேர். எனக்கு முன்னால் சைக்கிளோடு நிறுத்தப்பட்ட சீனர் ஒருவர். பிறகு நான்.

மெர்டேக்காவுக்கு, நாட்டுச் சுதந்திரத்துக்கு, முந்தின வருஷம். ஞாயிறு மத்தியானம். புக்கிட் பாரு தாண்டி, தோட்டத்துக்குத் திரும்பும் பாதை. காட்டில் கம்யூனிஸ்டுகள் இருந்த காலம். அவர்களுக்குச் சாப்பாடு போகக் கூடாதென்று அந்தப் பக்கம் அரிசிக்குத் தடை போட்டிருந்தார்கள். தடை புதுசு. எனக்குத் தெரியாது. நான் காஜா பெராங்கில் இருப்பவன், டவுனில் சாக்கடை வெட்டுபவன்.

என் கையில் பால்மாவு டின். உள்ளே பிடி அரிசி. எங்கள் ஜெபக்கூட்டத்து வீடுகளில் உலை வைக்குமுன் ஒரு பிடியை ஆண்டவருக்கென்று எடுத்து வைப்போம். வாரம் ஒருமுறை சேர்த்து இல்லாதவர்களுக்குக் கொடுப்போம். அந்த வாரம் தோட்டத்தில் ஒரு விதவைக்கு. அவளுக்குப் பிள்ளைகள் உண்டு.

சார்ஜன் மூடியைத் திறந்தார். யாருக்கு என்று மலாயில் கேட்டார். அவள் பெயரைச் சொன்னால் அவளையும் பிடிப்பார்கள். ஆண்டவருக்கு என்று சொல்லப் பார்த்தேன். மலாயில் அது துஹான். என் வாயில் துவான் என்று வந்தது. துவான் என்றால் துரை.

“உன் துவான் பால் டின்னிலா சோறு தின்கிறார்?” என்றான் ஒரு மாத்தா. மற்றவன் சிரித்தான்.

சார்ஜன் சிரிக்கவில்லை. “எந்தத் துவான்? காட்டில் இருப்பவனா?”

சீனரையும் என்னையும் லாரியில் ஏற்றினார்கள். ஸ்டேஷனில் முதலில் அவரை உள்ளறைக்குக் கூட்டிப்போனார்கள். கதவு மூடியது. அவர் வெளியே வந்து நான் பார்க்கவில்லை.

அடுத்தது நான். காட்டுக்கு அரிசி கொடுத்தவனை விசாரணை இல்லாமல் வருஷக்கணக்கில் அடைப்பார்கள். கப்பலேற்றி நாடு கடத்தியும் விடுவார்கள். என் மனைவிக்கு எட்டாம் மாதம். எனக்கு நீளமாக ஜெபிக்கத் தெரியாது. “அப்பா, பார்த்துக்கொள்ளும்” என்றேன். அவ்வளவுதான்.

சார்ஜன் டின்னை மேசையில் கவிழ்த்தார். சீட்டு ஏதும் ஒளித்திருக்கிறதா என்று கிளறினார். விரல் நின்றது. பச்சரிசி, புழுங்கல், நொய், சிவப்பரிசி, எல்லாம் கலந்து கிடந்தது.

“இது ஒரு வீட்டு அரிசி இல்லையே.”

“வீட்டுக்கு ஒரு பிடி, துவான். ஏழைகளுக்கு.”

சார்ஜன் சிவப்பரிசியை விரலால் ஒதுக்கினார். “நோன்பு முடியும்போது எங்கள் பள்ளிவாசலிலும் இப்படித்தான் சேரும். வீட்டுக்கு வீடு வேறே அரிசி.” பிறகு என்னைப் பார்த்தார். “துவானா, துஹானா? ஒழுங்காகச் சொல்.”

“துஹான்.”

“ஒரு எழுத்தை விழுங்கிவிட்டு ஜெயிலுக்குப் போகப் பார்த்தாயே, தம்பி.”

அரிசியைத் திரும்ப அள்ளிப் போட்டுக் கொடுத்தார். “தோட்டத்துக்கு அரிசி போகக் கூடாது. ஆள் டவுனுக்கு வந்து சாப்பிடலாம். அதற்குத் தடை இல்லை.”

அடுத்த ஞாயிறு ஜெபவீட்டிலேயே பொங்கினோம். அந்தத் தாய் பிள்ளைகளோடு பஸ்ஸில் வந்தாள். மனைவிக்கும் சுகப் பிரசவம்.

முன்பெல்லாம் ஒரு பிடியில் என்ன இருக்கிறது என்று மனைவியைக் கேட்டவன் நான். இப்போது நானே அள்ளுகிறேன். அந்தச் சீனரின் பெயர் தெரியாது. அவருக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன். என்னை ஏன் விட்டார்கள், அவரை ஏன் விடவில்லை என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும்.

வாசிக்கிறவர்களே, நாளைக்கு உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து வையுங்கள். பயம் வரும். எனக்கும் வந்தது. ஆண்டவரை நம்பிக் கொடுங்கள்.

போன ஞாயிறு எங்கள் பந்தியில் உட்கார்ந்தவர்கள் நாற்பத்தொரு பேர்.