விடிந்ததும் தொடக்கூடாத முகம்

என் வேலை என்னவென்று புத்தூரில் இருக்கும் நைனாவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு மென்பொருளை விற்றிருக்கிறோம், அதை உபயோகிக்கிறவர்களிடம் போய் எப்படி இருக்கிறது, எதை மாற்ற வேண்டும் என்று கேட்டு பெங்களூர் ஆபீஸுக்குச் சொல்ல வேண்டும் என்றேன். "ஊர் ஊரா போயி சௌக்கியமான்னு கேட்டுக்கினு வர்றதுக்கு சம்பளம் குடுக்கறானா?" என்றார். கொடுக்கிறான் நைனா. கேட்பதற்குத்தான் கொடுக்கிறான். கேட்டதைச் செய்வது வேறு யாருடைய வேலையோ.

குடியிருப்பது திருப்பதியில் என்றாலும் என் தலைவலி முழுக்கச் சித்தூரில்தான். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரி. எந்த நர்ஸுக்கு எந்த ஷிப்ட், யாருக்கு என்றைக்கு லீவு என்பதையெல்லாம் எங்கள் மென்பொருளே முடிவு செய்துவிடும். அதற்கு முன்பு தலைமை நர்ஸ் பலகையில் எழுதிப் போடுவாராம். வேண்டியவர்கள் தங்களுக்குள் பேசி மாற்றிக்கொள்வார்களாம். அப்படி மாற்றிக்கொள்ள விட்டால் தில்லுமுல்லு நடக்கும் என்று பெங்களூரில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. அந்த வசதியே வைக்காமல் விட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் சமமாகச் சுற்றி வரும், அதுதான் நியாயம் என்று பயிற்சியில் சொல்லச் சொன்னார்கள். நானும் கிளிப்பிள்ளை மாதிரி சொன்னேன்.

கருத்து சேகரிக்க ஒரு ஏற்பாடும் இருந்தது. டூட்டிக்கு வந்ததும் வார்டு வாசலில் உள்ள திரையில் விரல் வைத்து வருகையைப் பதிய வேண்டும். பதிந்த உடனே மூன்று முகங்கள் வரும். ஒன்று சிரிக்கும், ஒன்று சும்மா இருக்கும், ஒன்று அழும். மென்பொருள் பிடித்திருக்கிறதா என்று அதில் ஒன்றைத் தொட்டுச் சொல்லிவிட்டுப் போகலாம். சித்தூரிலிருந்து வந்ததில் ஏறக்குறைய எல்லாமே சிரிப்புதான், அழுகை ஒன்றுகூட இல்லை. எங்கள் மேனேஜர் பூரித்துப் போனார். ஒரு மனிதருக்குக்கூடக் குறை இல்லாத ஆஸ்பத்திரி என்றால் எனக்கு உடனே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வந்தது. ஆனால் சந்தேகத்தை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

நேரில் போய்க் கேட்டாலும் "பாகானே உந்தி மேடம்" என்பார்கள். நல்லாத்தான் இருக்கிறதாம். டீ வாங்கிக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்தவளிடம் குறை சொல்வார்களா என்ன. கிளம்பும்போது ஒரு சிஸ்டர் மட்டும் படிக்கட்டு வரை கூடவே வந்தார். குடிபாலாவிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர், ஐம்பதை நெருங்கும் வயது. அவருடைய வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் சித்தூரிலேயே வேறொரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். பிள்ளைகள் கிடையாது. பஸ்ஸிலிருந்து தனியாக இறங்கக்கூட அவரால் முடியாது.

"முன்ன எல்லாம் செவ்வா, வெள்ளின்னா யாராச்சும் என் டூட்டிய எடுத்துக்குவாங்கமா. நான் அவங்க ராத்திரி டூட்டிய பாத்துக்குவேன். இப்ப மிசினு கேக்கமாட்டேங்குது. போன வெள்ளி பக்கத்து வூட்டு ஆட்டோக்காரர் இஸ்துகினு வந்தாரு. அவுரு இன்னா பண்ணுவாரு, பாதியில சவாரி வந்துடுச்சி, வுட்டுட்டு போயிட்டாரு. இவுரு அந்த ஆஸ்பத்திரி வாசல்லயே குந்திக்கினு இருந்துட்டாரு. டயாலிசிஸ் ஊசி போடற நேரமும் போயிடுச்சி."

"மாத்திக்கிற வசதி மட்டும் வந்தா போதுமா சிஸ்டர்?"

"வேற இன்னா கேக்கப் போறேன்? செவ்வா, வெள்ளி. அது போதும்."

அன்றே பஸ்ஸில் உட்கார்ந்தபடி பெங்களூருக்கு எழுதினேன். அவசரம் என்று தலைப்பிலேயே போட்டேன். பதில் வந்தது: ஒருவருடைய தனிப்பட்ட பிரச்சினை, முன்னுரிமை குறைவு. போனில் மேனேஜரைப் பிடித்துச் சண்டை போட்டேன். அவர் கோபப்படவே இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல். பொறுமையாக அந்த சிஸ்டரின் பதிவுகளைத் திறந்து படித்துக் காட்டினார். தினமும் சிரிப்பு. ஒரு நாள் விடாமல் சிரிப்பு. "அவங்களே சந்தோஷமா இருக்காங்களே, நீங்க எதுக்கு டென்ஷன் ஆகறீங்க?" என்றார்.

அடுத்த முறை சித்தூர் போனதும் நேராக அந்த சிஸ்டரிடம்தான் போனேன். "என்ன சிஸ்டர் இது? தினம் சிரிக்கிற மூஞ்சியவே தொட்டிருக்கீங்களே!"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பின்ன? காலங்காத்தால அழுவற மூஞ்சியத் தொட்டுட்டு பேஷண்டுகிட்ட போவ சொல்றியா? வூட்ல ஒருத்தர படுக்க வச்சிக்கினு நான் அத்தத் தொடுவனா?"

பக்கத்தில் இருந்த தெலுங்கு நர்ஸும் "வத்து மேடம், பொத்துன்னே அதெந்துக்கு" என்று கையை உதறினாள். வேண்டாம், விடிந்ததும் அது எதற்கு என்கிறாள். தலைமை நர்ஸும் அப்படித்தான். உயிர் ஊசலாடும் இடத்தில் டூட்டி தொடங்கும்போது எவளாவது அழுகிற முகத்தைத் தொடுவாளா? எனக்கே இது தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் காலையில் யாராவது கண்ணைக் கசக்கினால்கூட ஆயிரம் பேச்சு விழும்.

முகத்தை எடுத்துவிட்டு வேறு ஏதாவது வையுங்கள், இல்லை டூட்டி முடிந்து போகும்போது கேளுங்கள் என்று பெங்களூருக்கு எழுதினேன். உலகம் முழுக்க இதுதான் முறை, சித்தூருக்கு மட்டும் தனியாகச் செய்ய முடியாது என்றார்கள். தலைமை நர்ஸ்தான் ஒரு வழி சொன்னார். "நீயே அழுத்திட்டு போயேன். நீ பேஷண்டத் தொடறவ இல்லையே. எங்களுக்கும் ஒண்ணும் ஆவாது."

ஒரு நாள் முதல் பஸ் பிடித்துப் போய் வார்டு வாசலில் நின்றேன். ஒவ்வொருத்தியாக விரல் வைத்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அழுகிற முகத்தைத் தொட்டேன். சிரிப்பும் கேலியுமாகத்தான் இருந்தது. குடிபாலா சிஸ்டரின் முறை வந்தபோது மட்டும் அவர் சட்டென்று என் கையைப் பிடித்தார். பிறகு விட்டுவிட்டார். நானும் இந்தப் பக்கத்துக்காரிதானே, தொடும்போது எனக்கு விரல் கூசியது. நல்லதுக்குத்தானே செய்கிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பெங்களூரில் அதைக் கோளாறு என்று முடிவு செய்தார்கள். இத்தனை நாள் சிரித்தவர்கள் ஒரே காலையில் எப்படி அழுவார்கள் என்று அந்த நாளின் பதிவுகளை மொத்தமாக நீக்கிவிட்டார்கள். திரையைத் துடைத்து வைக்கும்படி ஆஸ்பத்திரிக்கு ஒரு குறிப்பும் போயிற்று. அதைப் படித்து நான் சிரித்தேன். அப்புறம் பாத்ரூமில் போய் அழுதேன்.

மழைக்காலம் தொடங்கியபோது சிஸ்டரின் வீட்டுக்காரர் போய்விட்டார். நடுவில் இரண்டொரு முறை டயாலிசிஸ் தவறியிருந்தது, மூச்சு வாங்க ஆரம்பித்திருக்கிறது. எங்கள் மென்பொருளால்தான் போனார் என்று நான் சொல்ல மாட்டேன். டாக்டர்களே சொல்லாததை நான் எப்படிச் சொல்வது. இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. குடிபாலாவுக்குப் போயிருந்தேன். சிஸ்டர் என்னைப் பார்த்து "துன்னியாமா?" என்று கேட்டார். சாப்பிட்டாயா என்பதற்கு மேல் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அன்றைக்கு நான் தொட்ட முகத்தைப் பற்றி மற்றவர்கள்தான் கேட்காமல் கேட்டார்கள். அதன் பிறகு நான் வார்டுக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். சும்மா இருக்கும் முகத்தை எப்போதாவது தொட்டுக்கொண்டிருந்த ஓரிருவரும் சிரிப்புக்கு மாறிவிட்டார்கள். அந்தக் காலாண்டில் மிகத் திருப்தியான வாடிக்கையாளர் என்று சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் பாராட்டு வந்தது. கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன்.

பிறகு ஒரு நாள் புதிய பதிப்பு வந்தது. அதில் ஷிப்ட் மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தது. ஹைதராபாதில் ஏதோ பெரிய ஆஸ்பத்திரி ஒரே ஒரு போன் செய்ததாம். அவ்வளவுதான்! சித்தூரில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்க என்னைத்தான் அனுப்பினார்கள். போகாமல் இருக்க ஜுரம் என்று சொல்லிப் பார்த்தேன். இன்னொரு நாள் போங்கள் என்றார்கள்.

சிஸ்டர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். யார் டூட்டி மாற்றக் கேட்டாலும் மற்றவர்கள் போனில் தெரியும், விருப்பம் உள்ளவர் ஏற்கலாம் என்று விளக்கினேன். ஒருத்தி தங்கையின் நிச்சயதார்த்தத்துக்குக் கேட்டாள். சிஸ்டர் ஏற்றார். இன்னொருத்தி குழந்தைக்கு மொட்டை போடத் திருமலைக்குப் போக வேண்டும் என்று கேட்டாள். அதையும் ஏற்றார். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு என்று எது வந்தாலும் அவர் விரல்தான் முதலில் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் அவர் போனில் சிவப்பாக ஓர் அறிவிப்பு வந்தது. வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு, இதற்கு மேல் ஏற்க முடியாது. அவர் அதை என்னிடம் நீட்டினார்.

"இத்த எடுத்துட முடியுமாமா? ஒரு நாளு பூரா வூட்ல குந்திக்கினு நான் இன்னா பண்றது? மேல சொல்லேன்."

"எழுதிக்கறேன் சிஸ்டர்."

நான் டைப் அடித்து அனுப்பும் வரைக்கும் அவர் பக்கத்திலேயே நின்றார்.