எடுத்த இடம், வைத்த இடம்

போன கார்த்திகையில் இருபத்தெட்டு நாள் நான் நிமிர்ந்து நிற்கவில்லை. கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போவதென்றாலும் தரையைப் பார்த்துக்கொண்டேதான் போனேன். வயிற்றில் இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்பு வரை ஒரே தையல். அதில் இடது பக்கம் ஒரு ரூபாய் நாணய அகலத்துக்குப் பிரிந்து, நீர் கசிந்துகொண்டே இருந்தது. டாக்டர் ஒரு வாரம் கெடு கொடுத்திருந்தார். அதற்குள் மூடாவிட்டால் மறுபடியும் ஆபரேஷன் தியேட்டர் என்றார். அந்த நாட்களில் நான் அழுத அழுகை மாரியாத்தாளுக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜைக்கு வரும் சகோதரிகளுக்கு இது தெரிந்த கதையாகத் தோன்றும். இந்த லெட்சுமிக்குக் குடலிறக்கம், வயிற்றில் ஆபரேஷன், தையல் பிரிந்துவிட்டது என்றுதான் உங்களிடம் சொல்லியிருந்தேன். நீங்களும் என் வயிறு நல்லபடியாக வேண்டுமென்று ஆளுக்கொரு விளக்கு ஏற்றினீர்கள். நான் சொன்னது பொய். என் வயிற்றில் ஒரு கோளாறும் இருந்ததில்லை. முதலில் அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு நாற்பத்தாறு வயது. சாக்கோட்டைப் பக்கம் ஓர் அங்கன்வாடியில் டீச்சர். வீட்டுக்காரர் காரைக்குடியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். ஆபரேஷனுக்கு இரண்டு வருஷம் முன்னால் எனக்கு இடது மார்பில் கட்டி வந்ததும், மதுரையில் மார்பையே எடுத்ததும், மருந்து ஏற்றி முடி கொட்டியதும் உங்களுக்குத் தெரியும். அப்போது ஆத்தாளிடம் உயிரைக் கேட்டேன். கொடுத்தாள். அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

ஆனால் எடுத்த பக்கம் வெறும் பலகையாக இருந்தது. ஜாக்கெட்டுக்குள் ஒரு பஞ்சை வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போவேன். கையைத் தூக்கினால் அது மேலே ஏறும். குனிந்து கோலம் போட்டால் ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் மதியம் பிள்ளைகளுக்குக் குனிந்து சாதம் பரிமாறும்போது அது நழுவித் தரையில் விழுந்துவிட்டது. மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று ஓடிவந்து எடுத்து, "டீச்சர், பந்து" என்று என்னிடமே நீட்டியது. நான் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அன்றைக்கு அழுதேன்.

வீட்டுக்காரர்தான் என்னை மறுபடியும் மதுரைக்குக் கூட்டிப்போனார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். வயிற்றிலிருக்கும் தோலையும் கொழுப்பையும் அதன் ரத்தக்குழாயோடு எடுத்து, மார்பில் வைத்து, அங்கிருக்கிற ரத்தக்குழாயோடு சேர்த்துத் தைத்துவிடலாம்; உங்கள் உடம்பே உங்களுக்கு உதவும் என்றார். வீட்டுக்காரர் தன் தொப்பையைத் தடவிக்கொண்டு, "அவகிட்ட அவ்வளவு இல்லையே டாக்டர். என்கிட்ட எவ்வளவு வேணுமோ எடுத்துக்கங்க" என்றார். அவங்களுடையதுதான் ஒட்டும் என்று டாக்டர் சொன்னதும், "அப்ப இத வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது" என்று கேட்டார். இரண்டு வருஷத்தில் அந்த ஆஸ்பத்திரியில் நான் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்த கையோடு சம்மதித்துவிட்டேன்.

சம்மதித்தேனே தவிர வெளியே சொல்லத் தைரியம் இல்லை. காரணம் என் மதினி. வீட்டுக்காரருக்கு அக்கா. காளையார்கோவில் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். பாசக்காரர்தான், ஆனால் நாக்கு நீளம். மார்பை எடுத்த புதிதில் ஒருநாள் என் முகவாட்டத்தைப் பார்த்து, "போனது போச்சு, உசுரு இருக்குல்ல. இந்த வயசுல இனிமே யாரு பாக்கப் போறா" என்று சொல்லிவிட்டார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது. இப்போது போய் வயிற்றை அறுத்து மார்பு வைக்கப் போகிறேன் என்றால் என்ன நினைப்பார்? குடலிறக்கம் என்று சொல்லுங்கள் என்று வீட்டுக்காரரிடம் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

சாமியிடமும் அதே கதைதான். உயிரைக் கொடுத்தவளிடம் போய் மார்பையும் கொடு என்று கேட்பது பேராசை என்று பட்டது. ஆபரேஷனுக்குப் போகும்போது வீட்டிலிருக்கும் ஆத்தா படத்துக்கு முன்னால் நின்று, "எல்லாம் நல்லபடியா நடக்கணும்" என்று பொதுவாகக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். அவளிடமே பூசி மெழுகினேன்.

ஐப்பசிக் கடைசியில் ஆபரேஷன் நடந்தது. வைத்த சதையில் ரத்தம் ஓடுகிறதா என்று மணிக்கொரு தரம் நர்ஸ் வந்து தொட்டுப் பார்ப்பார். அதெல்லாம் நன்றாகவே ஓடியது. வயிற்றை இழுத்துத் தைத்திருப்பதால் கொஞ்ச நாள் குனிந்துதான் நடக்க வேண்டும், அவசரப்பட்டு நிமிரக் கூடாது, முட்டை, மீன், பருப்பு என்று நன்றாகச் சாப்பிட்டால்தான் காயம் ஆறும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தால் என்னைப் பார்த்துக்கொள்ள மதினி பையோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

வயிற்றில் கத்தி வைத்தவளுக்கு என்ன கொடுப்பார்கள்? கஞ்சி, ரசம், குழைந்த சோறு. மூன்று வேளையும் அதுதான். மீன் வாடையே வீட்டுக்குள் வரக் கூடாது என்றார். அன்பாக ஊட்டியும் விட்டார். நான் எதைச் சொல்லி மறுப்பது? வீட்டுக்காரர் பாவம், அவித்த முட்டையை ஹெல்மெட்டுக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு வருவார். கதவைத் தாழ் போட்டு, காயத்து நீரை வடிக்கும் ரப்பர் குழாய்களின் நுனியிலிருக்கும் குமிழ்களைக் காலி செய்துவிட்டு, முட்டையை உரித்து வாயில் வைப்பார். வெளியே மதினி, "புருசனும் பொஞ்சாதியும் அப்படி என்னதான் ரகசியம் பேசுவீகளோ" என்று சலித்துக்கொள்வார். நான் பகலெல்லாம் சால்வையைக் கழுத்து வரை போர்த்திக்கொண்டு, "குளிருது மதினி" என்பேன்.

குளியலறைக்கு என்னைப் பிடித்துக்கொண்டு போகும்போது வீட்டுக்காரரும் கூடவே குனிந்து நடப்பார். "நீங்க எதுக்குக் கூனிக்கிட்டு வாரீக?" என்று கேட்டால், "நிமுந்து நடந்தா ஒம் மொகம் தெரியலடி" என்பார். கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷத்தில் அவர் என்னிடம் இப்படிப் பேசியது அந்த நாட்களில்தான்.

ஐந்தாம் நாள் ஹெல்மெட்டில் முட்டையோடு கையும் களவுமாகப் பிடிபட்டார். "வயித்துல தையலப் போட்டுக்கிட்டுக் கெடக்குறவளுக்கு முட்டையக் குடுக்குறியே, ஒனக்குப் புத்தி எங்க போச்சு தம்பி" என்று மதினி அன்று முழுவதும் விடவில்லை. முட்டை அதோடு நின்றது. பத்து நாளில் தையல் பிரிய ஆரம்பித்தது.

மதுரையில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. காயம் ஆறுவதற்கு உடம்பில் சத்தே இல்லை, ஒரு வாரம் பார்க்கிறேன், மூடவில்லையென்றால் மறுபடி தியேட்டர்தான் என்றார். காரில் திரும்பும்போது வீட்டுக்காரர், "அக்காகிட்ட சொல்லிருவோம்டி" என்று கெஞ்சினார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் பிடிவாதம் அப்படி.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை. மதினி காய்கறிச் சந்தைக்குப் போயிருந்தார், வீட்டுக்காரர் கடைக்குப் போயிருந்தார். நான் ஆத்தா படத்துக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு, குனிந்தபடியே விளக்கை ஏற்றினேன். முதல் முறையாக உள்ளதைச் சொன்னேன். "ஆத்தா, எனக்கு வயித்துல ஒண்ணுமில்ல. மாரு வேணும்னு ஆசைப்பட்டேன். கேட்டா தப்புன்னு ஒன்கிட்டயும் மறைச்சேன். இப்ப வயிறும் போயிரும், மாரும் போயிரும் போல இருக்கு. நீதான் மூடிக் குடுக்கணும். என்னால இதுக்கு மேல முடியல." அவ்வளவுதான். அழுது முடித்துவிட்டு அறைக்குப் போனேன். கட்டு நனைந்திருந்தது. மாற்றலாமென்று சால்வையையும் நைட்டியையும் கழற்றி வைத்துவிட்டுத் துணியை எடுத்தேன். துணி கீழே விழுந்தது. என்னால் எடுக்க முடியவில்லை. தாழ்ப்பாள் போட மறந்ததும் அப்போதுதான் நினைவு வந்தது.

நான் காயத்தை மூடச் சொல்லிக் கேட்டேன்; ஆத்தா முதலில் கதவைத் திறந்துவிட்டாள். சந்தைப் பையோடு மதினி வாசலில் நின்றார். ஆத்தா படத்துக்கு முன்னால் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

நான் இரண்டு கையாலும் நெஞ்சை மறைத்தேன். "கைய எடு லெட்சுமி" என்றார். எடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு, இந்த வயசிலா என்று கேட்கப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தேன்.

"வயித்துலருந்து எடுத்து இங்குட்டு வச்சாகளா?"

"ஆமா மதினி."

"உசுரோட இருக்கா?"

"ரத்தம் ஓடுது மதினி."

ஒரு விரலால் மெதுவாகத் தொட்டார். "வெதுவெதுன்னுதான் இருக்கு" என்றார். பிறகு, "நான் தொடுறது தெரியுதா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். மரத்துப்போய்த்தான் இருக்கும், உணர்வு வர நாளாகும், கொஞ்சம்தான் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதும் மதினி கட்டிலில் உட்கார்ந்து அழுதுவிட்டார். "நான் தொடுறது ஒனக்குத் தெரியலையேத்தா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "யாரு பாக்கப் போறான்னு நான் சொன்னத மனசுல வச்சுக்கிட்டுத்தானே மறைச்ச?" ஆமாம் என்று தலையாட்டினேன். "நான் ஒரு கூறுகெட்டவ. ஆத்தாளுக்கு வெள்ளிக்கு வெள்ளி சந்தனம் சாத்தி, பட்டுக் கட்டி அலங்காரம் பண்றோம். யாரு பாக்கப் போறான்னா பண்றோம்? அவ ஒனக்குப் பண்ணக் கூடாதா?"

அந்த ஒரு கேள்வியில் என் இரண்டு வருஷத்துப் பாரம் இறங்கிவிட்டது. சாமி என்னிடம் பேசியது மதினி வாயால்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

பிறகு நடந்தது வேடிக்கை. மதினி பையை வைத்துவிட்டு மறுபடி வெளியே போனார். தொண்டியிலிருந்து வந்த பால் சுறா ஒரு கிலோவோடு திரும்பினார். "மாருக்குன்னு மொதல்லயே சொல்லியிருந்தா அன்னைக்கே சுறாப்புட்டு செஞ்சிருப்பேனே" என்றார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்குக் கொடுப்பது அது. எனக்கு எதற்குப் பால்? ஆனால் மதினியின் கணக்கில் மார் என்றால் சுறாப்புட்டுதான். பூண்டைத் தாராளமாகப் போட்டு, இரண்டு முட்டையையும் உடைத்து ஊற்றிக் கிளறிக் கொண்டுவந்தார். காலையும் மாலையும் சுறா, நடுவில் முட்டை, பருப்பு. தம்பியை ஹெல்மெட் நிறைய முட்டை வாங்கிவரச் சொல்லி அவரே அனுப்பினார்.

கெடு முடியும் நாளில் டாக்டர் கட்டைப் பிரித்தார். என் கையை ஒரு பக்கம் வீட்டுக்காரரும் மறுபக்கம் மதினியும் பிடித்திருந்தார்கள். காயத்தின் உள்ளே புதுச் சதை சிவப்பாக ஏறியிருந்தது. கசிவு நின்றிருந்தது. "தியேட்டர் வேண்டாம், தானாக மூடிவிடும்" என்றார் டாக்டர். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு மதினி விளக்கமாகச் செய்முறையே சொன்னார். டாக்டர் சிரித்துக்கொண்டே, இதையே தொடருங்கள் என்றார். அவருடைய கைக்கும் இந்த இடத்தில் நன்றி சொல்ல வேண்டும். கார்த்திகைக் கடைசியில் ஒரு காலை வாசல்படியைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தேன். எதிர்வீட்டு மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு மாதமாக நான் பார்க்காத உயரம் அது.

அப்போதுதான் மதினி இன்னொன்றைச் சொன்னார். என் தையல் பிரிந்த அன்றே அவர் ஊர் மாரியம்மனுக்கு நேர்ந்திருக்கிறார்: நான் சன்னிதியில் படுத்து வயிற்றில் மாவிளக்கு ஏற்றுவதாக. நேர்ந்ததைச் செய்யாமல் விட முடியாது. ஆனால் என் வயிறும் மார்பும் மரத்துக் கிடந்தன, சூடு பட்டால் வெந்து போவதே தெரியாது, அனல் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். "அப்ப நான் படுக்குறேன், ஒனக்காக" என்றார் மதினி. உடனே அவருக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. "மாவிளக்க எங்க வைக்கிறது? எடுத்த எடத்துலயா, வச்ச எடத்துலயா?" வீட்டுக்காரர், "ரெண்டுலயும் வைங்க" என்றார்.

தையில் போனோம். வெள்ளிக்கிழமைக் கூட்டம். அறுபது வயது மதினி ஆத்தாளுக்கு முன்னால் மல்லாந்து படுத்தார். பூசாரி ஈரத்துணியும் வாழை இலையும் விரித்து, வயிற்றில் ஒரு மாவிளக்கை வைத்தார். இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு, "இது யாருக்கு, எந்த எடத்துக்கு?" என்று கேட்டார். மதினி படுத்தபடியே என்னைப் பார்த்தார். வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள். "மாருக்கு" என்றேன். மணிச்சத்தத்தில் பூசாரிக்குக் கேட்கவில்லை. "எனக்குத்தாங்க. மாருக்கு. நோயி வந்து எடுத்துட்டாக, இப்ப என் வயித்துலருந்து எடுத்து வச்சிருக்காக" என்று சத்தமாகச் சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் மதினியின் நெஞ்சில் இலையை விரித்து விளக்கை வைத்தார்.

இரண்டு சுடரும் எரிந்தன. நான் ஆத்தாளைப் பார்ப்பதா மதினியைப் பார்ப்பதா என்று தெரியாமல் கைகூப்பிக்கொண்டு நின்றேன். மதினி கண்ணை மூடிக்கொண்டே, "வெரசாக் கும்புட்டு முடி லெட்சுமி. எனக்கு மரத்துப் போகல, சுடுது" என்றார். அழுகையும் சிரிப்புமாகக் கும்பிட்டேன்.

இப்போது நான் வேலைக்குப் போகிறேன். குனிந்து சாதம் பரிமாறுகிறேன். பிள்ளைகள் நெஞ்சில் சாய்ந்தால் முழுதாகத் தெரிவதில்லை. ஓரத்தில் மட்டும் லேசாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. அதுவே எனக்குப் பெரிது. சகோதரிகளே, இதையெல்லாம் சாமியிடம் கேட்கலாமா என்று எதையாவது நீங்கள் மனசுக்குள் பூட்டி வைத்திருந்தால், வருகிற வெள்ளிக்கிழமை போய்க் கேளுங்கள். மார் என்றால் மார் என்றே சொல்லிக் கேளுங்கள். எனக்கு அந்த வார்த்தை வாயில் வர இரண்டு வருஷம் ஆயிற்று. நீங்கள் அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ள வேண்டாம்.