மண் பூசிய கைக்கு மட்டும் வாலாட்டிய நாய்

நான் கல்யாணமாகி விருத்தாசலத்துக்கு வந்த வருடத்தில், என் மாமனாரின் இரண்டு கைகளும் ஒரே நிறத்தில் இருந்து பார்த்த நாட்கள் குறைவு. வேலை முடிந்து சைக்கிளில் வருவார். வலது கை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவியிருக்கும். இடது கையில் பீங்கான் மண் காய்ந்து, மாவில் முக்கி எடுத்ததுபோல வெளுத்திருக்கும். வாசலில் கட்டிக் கிடக்கும் எங்கள் நாய் ஜிம்மிக்கு எதிரே குந்தி, மண் கையை முதலில் நீட்டுவார். அது மோந்து பார்த்து வாலை ஆட்டியதும், அந்தக் கைக்குப் பின்னாலிருந்து கழுவிய கை ஒரு பொறை ரொட்டியோடு மெல்ல வெளியே வரும். தெருவில் போகிறவர்கள், “என்னாங்க, கொழாயில தண்ணி நின்னுடுச்சா? ஒரு கைய அப்பிடியே வுட்டுட்டீங்க” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். “அந்தக் கைக்கு நாளைக்குத்தான் மொற” என்பார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மாமனாருக்கு மின்சார பியூஸ் கேரியர் செய்யும் பீங்கான் கம்பெனியில் சூளை அடுக்கும் வேலை. ஜிம்மி அங்கேதான் மண் மூட்டைகளுக்கு இடையில் பிறந்தது. தாயை லாரி அடித்துவிட, நாலு மாதம் ஆட்கள் கொடுத்ததைத் தின்று கம்பெனிக்குள்ளேயே வளர்ந்து, பிறகு இவரோடு வீட்டுக்கு வந்தது. நாய் கறுப்பு. கோபமும் அதே அளவுக்குக் கறுப்பு. என் கணவருக்குக் கடைவீதியில் செல்போன் கடை. இஸ்திரி போட்ட சட்டையும் சென்ட்டுமாகக் கிளம்புகிறவர். அவரைக் கண்டாலே அதற்கு ஆகாது. கல்யாணத்தன்று காலையில் சந்தனமும் பட்டுவேட்டியுமாக மண்டபத்துக்குக் கிளம்பியவரின் வேட்டியைப் பிடித்து இழுத்ததில் கரையோரம் இரண்டு ஓட்டை. என் கழுத்தில் தாலி ஏறியது அந்த ஓட்டை வேட்டியோடுதான். நான் வந்து நாலாவது நாள் என் கெண்டைக்காலைக் கடித்தது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நடந்து ஊசி போட்டுக்கொண்டேன். புது மணப்பெண்ணுக்கு எல்லாரும் விருந்து போடுவார்கள், எனக்கு ஊசி போட்டார்கள்.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். விளக்குமாற்றால் நாலு போடு என்றார்கள், பட்டினி போடு என்றார்கள், மிளகாய்ப் புகை காட்டு என்றார்கள். எல்லாமே நடந்தது. கடைசியில் சங்கிலியைக் குட்டையாக்கிக் கட்டிப்போட்டதும் அது இன்னும் மோசமாகி, காற்றில் காகிதம் பறந்தால்கூடக் குரைத்தது. என் கணவர் ஒரே முடிவாக இருந்தார். சாக்கில் போட்டு வண்டியில் கொண்டுபோய் வேப்பூர் ரோட்டு ஹோட்டல் பக்கம் விட்டுவிட்டால், மிச்சம் மீதியைத் தின்று பிழைத்துக்கொள்ளும் என்றார். மாமனார் மறுநாள் லீவு போட்டுவிட்டு நாயை மாட்டாஸ்பத்திரிக்கு நடத்திக் கூட்டிப்போனார்.

அங்கே இருந்த டாக்டரம்மா அதிகம் பேசவில்லையாம். “இது திமிருல கடிக்கல பெரியவரே, பயத்துல கடிக்குது. குட்டியா இருந்தப்ப யார் யாரப் பாத்து வளந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க” என்று மட்டும் சொன்னாராம். வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தவர், வீட்டு வாசலில் நின்று தானாகச் சிரித்தார். “ஏம்மா, அது பொறந்ததுலேர்ந்து குளிச்ச மனுஷனையே பாத்ததில்லம்மா. எல்லாரும் தலையிலேர்ந்து கால்வரைக்கும் வெள்ளையாதான் இருந்தோம். சோப்பு வாசன, பவுடர் வாசன, பூ வாசன, இதெல்லாம் அதுக்குப் பேயி மாரி.” அவரே குளித்துவிட்டு வந்தால்கூட அவர் வாயைத் திறந்து கூப்பிடும்வரை அது எட்ட நின்று பார்க்கும் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அத்தனை நாளும் அதைக் கொழுப்பு என்றுதான் நாங்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அன்றிலிருந்து ஆரம்பித்ததுதான் அந்த ஒற்றைக்கைக் குளியல். எனக்கும் பங்கு உண்டு. கம்பெனியிலிருந்து மண்ணைக் காகிதத்தில் மடித்து, கோயில் விபூதிப் பொட்டலம்போலக் கொண்டுவந்து கொடுப்பார். அதை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு, நாயின் கண்ணைப் பார்க்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்து பொறையை நீட்ட வேண்டும். உறுமினால் அதட்டக்கூடாது, ஒரு முழம் பின்னால் நகர்ந்துகொள்ள வேண்டும். “அது போதும்னு சொல்லுது. நீ கேட்டுட்டன்னா அது ஏன் கடிக்கப்போவுது?” என்பார். மனிதர்கள் விஷயத்தில் இவ்வளவு பொறுமை அவருக்குக் கிடையாது. சாம்பாரில் உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளிவைக்கிற ஆள். தினம் மண்ணைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டே வந்தோம். ஆறேழு வாரத்தில் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு போய் வெறுங்கையால் சோறு வைத்தேன், தின்றது. ரொம்பப் பெருமையாக இருந்தது.

அப்போதுதான் நான் உண்டானேன். வளைகாப்புக்கு நல்லூரிலிருந்து வந்த என் அம்மா, சபையில் வைத்தே சொல்லிவிட்டாள். “புள்ளையோட திரும்பி வரும்போது இந்த நாயி இந்த வூட்ல இருக்கக்கூடாதுங்க சம்மந்தி.” பெண்ணைக் கடித்த நாயைப் பற்றி எந்தத் தாயும் அப்படித்தான் பேசுவாள். மாமனார் தலையை ஆட்டினார். பேத்தி பிறந்து பத்தாம் நாள் பார்க்க வந்தபோது, “அனுப்பிட்டேங்க” என்றார். அம்மா அவருக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள்.

அதன்பிறகு ஞாயிறு தவறாமல் பஸ்ஸில் நல்லூர் வருவார். பேத்தியை மடியில் வைத்திருப்பார், சாப்பிடுவார், போயிட்டு வரேன் என்று கிளம்புவார். அம்மாவுக்குத்தான் ஒன்று உறுத்தியது. பழைய வேட்டியைக் கிழித்து வைத்திருந்த குழந்தைத் துணியில் வாரத்துக்கு ஒன்று காணாமல் போனது. அதுவும் துவைத்த துணி இல்லை, குழந்தை கிடந்த துணி. எங்கள் பக்கத்தில் பச்சைப்பிள்ளையின் துணி வெளியே போவதை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். யாரோ செய்வினை வைக்கத்தான் எடுக்கிறார்கள் என்று அம்மா மூன்று வீட்டுக்காரிகளைச் சந்தேகப்பட்டுப் பேச்சை நிறுத்திவிட்டாள். நாலாவது ஞாயிறு, துணியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டிருந்த சம்மந்தியைக் கையும் களவுமாகப் பிடித்தாள்.

அறுபதை நெருங்கிய மனிதர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல நின்றார். “நாயி வூட்லதான் இருக்குதுங்க. கொழந்த வாசன அதுக்குப் பழகணும். தெனமும் சோறு வைக்கறப்ப துணிய பக்கத்துல போட்டு வைக்கறேன்” என்றார். அம்மா கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “உங்களுக்குப் பேத்தி முக்கியமா, நாயி முக்கியமா?” என்று கேட்டாள். அவர் துணியை மடித்துக் கொடியில் போட்டார். “ரோட்ல கொண்டுபோய் வுட்டா அது இன்னொருத்தர் புள்ளையக் கடிக்கும். அதோட பயம் என்னான்னு நமக்குத்தாங்க தெரியும், அவங்களுக்குத் தெரியாது.” பிறகு என்னைப் பார்த்து, “நீ வந்து பாரும்மா. ஒரு வார்த்த வேணாம்னு சொல்லிட்டீன்னா மறுபேச்சு இல்ல” என்றார். அம்மா என்னை முறைத்தாள். வந்து பார்க்கிறேன் மாமா என்றேன். குழந்தையை வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னது சரியா தப்பா என்று அடுத்த இரண்டு மாதமும் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மூன்று மாதம் முடிந்து குழந்தையோடு வந்தோம். அம்மா கையில் குடை, வெயிலுக்கு இல்லை. மாமனார் தலைக்குக் குளித்து, இரண்டு கையும் சுத்தமாக, சங்கிலியை முன்கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றார். நான் குழந்தையோடு தரையில் உட்கார்ந்தேன். ஜிம்மி வந்தது. சுற்றியிருந்த துணியை மோந்தது, வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதத்தை மோந்தது, பவுடர் மூக்கில் ஏறி ஒரு தும்மல் போட்டது. பிறகு எனக்கு இரண்டு முழம் தள்ளிப் படுத்துக்கொண்டு பெருமூச்சு விட்டது. அம்மா ஒரு மணி நேரம் கழித்துத்தான் குடையைக் கீழே வைத்தாள். ஒன்றும் ஆகாது என்று தெரிந்த பிறகும், குழந்தையையும் நாயையும் தனியாக விட்டுவிட்டு மாமனார் ஒரு நாளும் எழுந்து போனதில்லை.

இப்போது மாமனாரும் இல்லை, ஜிம்மியும் இல்லை. இன்று அக்கம்பக்கத்தில் யாராவது நாய் கடிக்கிறது, பூனை கட்டிலில் மூத்திரம் போகிறது என்று வந்தால், அது எதற்குப் பயப்படுகிறது என்று முதலில் பாருங்கள் என்பேன். பெரிய டாக்டர் வந்துவிட்டாள் என்று என் மகள் சிரிப்பாள்.

அவளுக்கு நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. குழந்தையோடு வந்த அன்றைக்குச் சாயந்திரம் தூளி கட்டக் கயிறு தேடிக் கதவுக்குப் பின்னால் பார்த்தேன். ஒரு உரச்சாக்கு கட்டித் தயாராக இருந்தது. அவிழ்த்தேன். ஜிம்மியின் அலுமினியத் தட்டு, ஒரு பாக்கெட் பொறை. அவற்றுக்குக் கீழே மாமனாரின் இரண்டு வேட்டி, துண்டு, சவரப் பெட்டி, ரத்த அழுத்த மாத்திரை. கம்பெனியில் சூளைக்குப் பக்கத்தில் ஆள் தங்க ஒரு சின்ன அறை உண்டு. நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நாயோடு அவரும் போயிருப்பார். வேட்டிகளை எடுத்துப் பழையபடி பீரோவில் அடுக்கினேன்.