‘நஜீம் ப்ரோ’ என்கிற ஆமினா அக்கா

அந்த வெள்ளிக்கிழமை காலை, ராமநாதபுரத்தில் நான் தங்கியிருக்கும் விடுதியில் இட்லிக்குத் தட்டு ஏந்தி நின்றுகொண்டிருந்தபோது டேவிட் சார் அழைத்தார். நான் வேலை பார்க்கும் பல் லேப்பின் உரிமையாளர் அவர். அவ்வளவு காலையில் அவர் அழைப்பதில்லை.

“செல்வி, இன்னைக்கு லேப் லீவு. நீ நேரா கீழக்கரைக்கு வந்துரும்மா.”

ஏன் சார் என்று கேட்டேன். “ஆமினா போயிருச்சு” என்றார்.

காலைத் தொழுகைக்கு எழுப்பப் போன அவருடைய அம்மா கையைத் தொட்டுப் பார்த்திருக்கிறார், குளிர்ந்திருந்தது. லேப்பில் என்னோடு வேலை பார்த்த ஆமினா அக்காவுக்குச் சிறு வயதிலிருந்தே இதய வால்வில் கோளாறு உண்டு. மாத்திரை டப்பாவை மேசையில் தூரிகைகளோடு சேர்த்து வைத்திருப்பார். வயது நாற்பத்தொன்று.

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அடக்கம். ஆண்கள் ஜனாஸாவைத் தூக்கிச் சென்றார்கள். தங்கச்சிமடத்து டேவிட் சாரும் கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு கூடவே போனார். பெண்கள் வீட்டில் இருந்தோம். அக்காவின் அம்மா என்னை உள்ளறைக்கு அழைத்துப்போய் மேசையைக் காட்டினார். கவிழ்த்த பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஒரு மஞ்சள் போர் டாங்கியின் சிறு மாதிரி இருந்தது. என் கையளவு நீளம்.

“இத என்னம்மா செய்யுறது? வாரவங்க போறவங்க கை பட்டுரும். இதுக்காகத்தான் ராவும் பகலும் கெடந்தா” என்றார்.

எனக்கு அதற்கு விடை தெரிந்திருந்தது. அந்த டாங்கி பதினாறு நாளில் சென்னைக்குப் போக வேண்டியது.

இந்தக் கட்டுரையை இரண்டு வகையானவர்களுக்காக எழுதுகிறேன். ராமநாதபுரம் வட்டாரத்தில் ஆமினா அக்கா செய்த பற்களால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் ஒரு வகை; அவர்களுக்கு அக்கா டாங்கி செய்வார் என்பது தெரியாது. சிறு மாதிரி வண்டிகள் செய்வோரின் இணையக் குழுவில் ‘நஜீம் ப்ரோ’ என்ற பெயரில் அவருடைய வேலையைப் பார்த்தவர்கள் இன்னொரு வகை. அவர்களுக்கு அக்கா என்று ஒருவர் இருந்ததே தெரியாது.

முதலில் பல்லைச் சொல்லிவிடுகிறேன். நான் லேப்பில் சேர்ந்தது ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு. என் வேலை சீட்டு எழுதுவது, எந்த மருத்துவருக்கு எது எப்போது போக வேண்டும் என்று பார்ப்பது. அக்காவின் வேலை நிறம். பீங்கான் பல்லுக்கு, நோயாளியின் மற்ற பற்களோடு ஒத்துப்போகும்படி நிறம் ஏற்றுவார். கம்பெனி தரும் நிற அட்டையில் பதினாறு மாதிரிப் பற்கள் இருக்கும். எங்கள் பக்கத்து உள்கிராமங்களில் தண்ணீரே பல்லில் பழுப்புக் கறை ஏற்றிவிடும் என்பதால், அந்தப் பதினாறில் ஒன்றுகூடப் பொருந்தாத வாய்கள்தான் அதிகம் வரும். மருத்துவர்கள் அப்படிப்பட்டவர்களை நேராக எங்களிடமே அனுப்பிவிடுவார்கள். அக்கா அவர்களைக் கிழக்கு ஜன்னலருகே உட்காரவைத்துப் பார்ப்பார். டியூப்லைட் வெளிச்சத்தில் நிறம் பார்க்கவே மாட்டார்.

முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தார். முன்பல் ஒன்று உடைந்திருந்தது. புதுப் பல் பளீரென்று வெள்ளையாக வேண்டும் என்று பிடிவாதம். அக்கா கண்ணாடியை அவர் கையில் கொடுத்தார்.

“செஞ்சு தாரேன் தம்பி. ஆனா கல்யாண போட்டோவுல அந்தப் பல்லு மட்டும் தனியாச் சிரிக்கும். பரவாயில்லையா?”

கூட வந்த அம்மா மகனின் தோளில் ஒரு தட்டு தட்டினார். “ஏலே, அந்தப் புள்ள சொல்றதக் கேளுலே. உன் மூஞ்சிக்கு வெள்ளைப் பல்லு ஒண்ணுதான் கொறைச்சலா?”

மாப்பிள்ளை கறையோடுதான் பல் வாங்கிப் போனார். எது உண்மைப் பல், எது பொய்ப் பல் என்று பிறகு எனக்கே தெரியவில்லை.

இந்தக் கண்தான் டாங்கிக்கும் போனது. ஷார்ஜாவில் வேலை பார்க்கும் தம்பி நஜீம், ஒரு விடுமுறையில் தன் மகனுக்கு ஜெர்மன் டாங்கி ஒன்றின் பாகங்கள் அடங்கிய பெட்டி வாங்கி வந்தார். மகன் மூன்று துண்டை ஒட்டிவிட்டு எழுந்து போய்விட்டான். மிச்சத்தை அக்கா எடுத்து ஒட்டினார். பெட்டியின் மேலிருந்த படத்தில் டாங்கி அழுக்கு மஞ்சளாக இருந்தது.

“பாத்ததும் நம்ம கேசு மாதிரியே இருந்துச்சு புள்ள. கறை புடிச்ச மஞ்ச” என்று என்னிடம் சொன்னார்.

அன்றிலிருந்து மஞ்சள் வண்டிகளைத்தான் செய்தார். டேவிட் சார் அனுமதியோடு ஞாயிற்றுக்கிழமைகளில் லேப்பின் காற்று எந்திரத்தை வைத்து மஞ்சள் தெளிப்பார். பாத்திரம் தேய்க்கும் பஞ்சைக் கிழித்து, அதன் ஓரத்தில் கரும்பழுப்பைத் தொட்டு, விளிம்புகளில் ஒற்றுவார். பெயின்ட் பெயர்ந்த இடம் போல ஆகிவிடும். எண்ணெய் வண்ணத்தைப் புள்ளியாக வைத்துக் கீழ்நோக்கி இழுத்தால் மழை வழிந்த தடம். பல்லைத் தேய்த்து வழவழப்பாக்கும் வெள்ளைத் தூளில் செங்கல் பொடி கலந்தால் தூசி. ஒருமுறை நான் தனுஷ்கோடி மணல் கொண்டுவந்து தந்தேன். சிரித்துவிட்டார். “இந்த வண்டி எம்புட்டுச் சின்னது? இதுல உன் மணலு ஒவ்வொண்ணும் பாறாங்கல்லு.”

போர்க்கருவியை இவ்வளவு ஆசையாகச் செய்வது எனக்கு உறுத்தியது. போர்களைப் பற்றிப் படித்த சிலவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“பல்லுந்தான் கடிக்குது. அதுக்காக நாம செய்யாம இருக்கமா?” என்றார். இது ஒரு பதிலா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

படங்களைத் தம்பியின் கணக்கிலிருந்து குழுவில் போடுவார். “நஜீம் ப்ரோ, வேற லெவல்” என்பார்கள். அடுத்த வரியிலேயே “மூணாவது சக்கரம் கோணல்” என்பார்கள். அக்காவுக்கு இரண்டாவது வரிதான் முக்கியம். அதை எனக்குப் படித்துக்காட்டுவார். உங்கள் பெயரிலேயே போடலாமே என்று நான் கேட்டபோது அவர் சொன்னது:

“பொம்பளைன்னு தெரிஞ்சா ‘சூப்பர் சிஸ்டர்’னு போட்டுட்டுப் போயிருவாங்க. ஒருத்தன் தப்பு சொல்ல மாட்டான். இப்பப் பாரு, எப்படித் திட்டுறான்! எனக்கு இது வேணும் புள்ள.”

இப்படியே நான்கு ஆண்டுகள் போயின. இந்த ஆண்டு குழுவினர் சென்னையில் கண்காட்சி வைப்பதாக அறிவித்து, நஜீம் ப்ரோ நேரில் வந்தே ஆக வேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள்.

“நஜீமு போனா அவனுக்குப் பிரஷ்ஷ எந்தப் பக்கம் புடிக்கணும்னே தெரியாது” என்று சொல்லிச் சிரித்தார் அக்கா. ஒரு வாரம் விண்ணப்பத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு என் மேசையில் வைத்து, செய்தவர் பெயர் என்ற இடத்தில் ஆமினா என்று எழுதினார். “என் பேர்லயே அனுப்புறேன். அப்பவும் ஒருத்தனாச்சும் தப்பு சொல்றானான்னு பாக்கணும்.”

அதற்காக எடுத்துக்கொண்டதுதான் இந்த டாங்கி. ராஜஸ்தானில் நம் ராணுவம் ஓட்டுவது, மணல் மஞ்சள். வெயிலும் காற்றும் அடித்த இரும்பு எப்படி இருக்கும் என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு தங்கச்சிமடத்துக்குப் போனார். கரையில் படகு இழுக்கும் பழைய கிரேன் ஒன்று மஞ்சள் பெயின்ட்டோடு நின்றது. அதைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்.

வலை பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “என்ன தங்கச்சி, வெலைக்கு வாங்கப் போறியளா?”

“இல்லண்ணே. துருவப் பாக்க வந்தோம்.”

“துருவா? எங்க வீட்டு ஜன்னலு பூரா அதான். சாக்கு கொண்டாந்து அள்ளிட்டுப் போங்க!”

கிரேனில் இருந்ததைப் போலவே டாங்கியிலும் செய்தார். ஒவ்வொரு ஆணித் தலையிலிருந்தும் செம்பழுப்புத் துரு வழிந்தது. நான் பார்த்து அசந்துபோனேன். டேவிட் சாரும் அப்படியே. நாங்கள் எல்லோரும் உப்புக் காற்றில் இருப்பவர்கள். எங்களுக்குத் தெரிந்த இரும்பு அது ஒன்றுதான்.

அந்த வாரம் அபிராமத்திலிருந்து கருப்பையா அய்யா என்பவர் முன்பற்களுக்கு நிறம் பார்க்க வந்தார். டாங்கி காய்வதற்காக ஜன்னல் திட்டில் இருந்தது. அக்கா நிற மாதிரியை அவர் உதட்டுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கண் முழுவதும் டாங்கி மேலேயே இருந்தது. கையை நீட்டி என்னவோ சொல்ல முயன்றார்.

“அய்யா, வாயத் தொறந்தே வைங்க.”

“தொறந்து வச்சா எப்படித் தாயி பேசுறது?” என்று மாதிரியைக் கையில் எடுத்துவிட்டார். “பட்டாளத்துல இந்த வண்டிய நான் ஒம்பது வருசம் ஓட்டிருக்கேன். இது என்ன, கடல்ல கெடந்து எடுத்தியளா?”

அக்கா திரும்பி டாங்கியைப் பார்த்தார்.

“ராஜஸ்தான்ல ஏது துரு? மழையே கெடையாதே. மண்ணு தேச்சுத் தேச்சு இரும்பு வெள்ளி கணக்கா மின்னும். நாங்க ஏறி எறங்குற எடத்துல பெயின்ட்டு போயி கருப்பா வழுவழுன்னு இருக்கும். டீசல் ஊத்துற மூடியச் சுத்தி மண்ணு அப்பிக் கெடக்கும். துரு மட்டும் இருக்காது.”

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. நான் அவரைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். சென்னையில் யாருக்கு இதெல்லாம் தெரியப்போகிறது என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை. அவர் கருப்பையா அய்யாவின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“அய்யா, இன்னும் என்னென்ன தப்பு இருக்கு? எல்லாத்தையும் சொல்லுங்க.”

பல் பொருத்தி முடித்த பிறகும் அவர் இரண்டு முறை பேருந்து பிடித்து வந்தார், டாங்கியைப் பார்ப்பதற்காக மட்டும். துருவை மெதுவாகக் கரைத்து எடுக்க முடிந்த இடத்தில் எடுத்து, முடியாத இடத்தில் மறுபடி மஞ்சள் தெளித்து, பூட்ஸ் படும் படிகளைத் தேய்த்துக் கருப்பாக்கி, மூடியைச் சுற்றி எண்ணெயும் தூசியும் அப்பி, அக்கா எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார். அந்த நாட்களில் லேப் வேலை பின்தங்கியது. ஒரு மருத்துவர் கோபித்துக்கொண்டு வேறு லேப்புக்குப் போய்விட்டார். டேவிட் சார் திட்டினார். அக்கா திட்டு வாங்கிக்கொண்டு மறுபடி குனிந்துகொண்டார். தன் வேலைக்கு முன் மற்றவர்களின் அவசரம் அவர் கண்ணில் படாது. அது அவரிடம் இருந்த குறைதான்.

புதன்கிழமை மாலை கருப்பையா அய்யா டாங்கியைக் கையில் வாங்கி, மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். புதுப் பல் தெரியச் சிரித்து, “டீசல் வாடைதான் இல்ல” என்றார். வெள்ளிக்கிழமை காலை அக்கா எழுந்திருக்கவில்லை.

நஜீம் அண்ணன் மூன்றாம் நாள்தான் வந்து சேர முடிந்தது. வந்ததும் டாங்கியைக் கேட்டார். சென்னைக்கு அனுப்பவா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு நடந்தது. “என் பேர்ல நாலு வருசம் இருந்துட்டா. இது அவ பேர்ல போகட்டும்” என்றார். இந்தக் கட்டுரையை எழுதவும் சொன்னவர் அவர்தான்.

ரயிலில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் போனோம். கண்காட்சி மண்டபத்தில் பெயர் அட்டை எழுதும்போது, பெயருக்கு முன்னால் ‘மர்ஹூமா’ என்று சேர்க்க நஜீம் அண்ணன் பேனாவை எடுத்தார்.

“வேணாம்ண்ணே” என்றேன். “இறந்துட்டாங்கன்னு தெரிஞ்சா எல்லாரும் பாராட்டிருவாங்க.”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பேனாவை மூடினார். அட்டையில் ‘ஆமினா, கீழக்கரை’ என்று மட்டும் இருந்தது.

காலை முழுவதும் வந்தவர்கள் படம் எடுத்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள், நகர்ந்தார்கள். ஒரு பெண்மணி, லேடீஸ்கூட இதெல்லாம் செய்வார்களா என்று வியந்தார். நஜீம் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மதியத்துக்கு மேல் இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். ஒருவர் அட்டையைப் படித்துவிட்டு, முட்டி போட்டு, செல்போன் வெளிச்சத்தை டாங்கியின் மேல் அடித்தார்.

“மச்சான், பெயின்ட் செம்ம. படிக்கட்டுல தேய்மானம் பாரேன். ஆனா ஒண்ணு கவனிச்சியா?”

“என்னது?”

“வண்டி ஃபுல்லா தூசி. ஹெட்லைட் கண்ணாடி மட்டும் பளபளன்னு இருக்கு.”

“டிரைவர் தொடச்சிருப்பான்டா.”

“தொடச்சா ஓரத்துலயாவது தூசி நிக்கும்ல? இது ஷோரூம்ல இருந்து இப்பத்தான் எடுத்த மாதிரி இருக்கு. தப்புடா இது.”

பத்து நிமிடம் சண்டை போட்டார்கள். நான் குனிந்து பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். செய்து முடித்த பல்லுக்குக் கடைசியாகப் பளபளப்பு ஏற்றித்தான் அனுப்புவோம். பதினைந்து ஆண்டுப் பழக்கம் அக்காவின் விரலில் இருந்திருக்கிறது. கருப்பையா அய்யாவின் கண்ணிலும் அது படவில்லை.

“மேடம், இவங்க வந்திருக்காங்களா?” என்று அட்டையைக் காட்டிக் கேட்டார் அந்த இளைஞர்.

“வரல.”

“நல்ல வேலை. ஆனா அந்த ஹெட்லைட்டச் சொல்லிருங்க.”

“கண்டிப்பாச் சொல்றேன்” என்றேன். நஜீம் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பரிசு எதுவும் கிடைக்கவில்லை. நாங்கள் அறிவிப்பு வரை இருக்கவுமில்லை.

அந்த இரண்டு பேரும் இதைப் படித்தால் வருத்தப்பட வேண்டாம். நீங்கள் செய்ததைவிட மரியாதையாக அன்று அந்த மண்டபத்தில் யாரும் எதுவும் செய்யவில்லை.

அக்கா, முன்விளக்குக் கண்ணாடி மிகவும் சுத்தமாக இருக்கிறதாம். உங்கள் பெயரைப் படித்துவிட்டுத்தான் சொன்னார்கள். போய் வாருங்கள்.