பாயில் சுருட்டிய துப்பாக்கி

பகல் பதினொன்றேகாலுக்குக் கடலூரிலிருந்து போன் வந்தபோது மலர்க்கொடி சிதம்பரத்தில் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கலெக்டர் ஆபீஸ் படியில் வைத்திலிங்கம் மயங்கி விழுந்தார், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது என்றது ஓர் ஆண்குரல்.

"எந்த வைத்திலிங்கம்?" என்று கேட்டாள். தன் புருஷனைத்தான் சொல்கிறார்கள் என்பது அவளுக்கு எட்டவே இல்லை.

தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். இறந்துபோன அந்த 2009ஆம் வருஷம் வரை, துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருந்த சுற்றுவட்டார விவசாயிகளுக்கு எது ஒன்று என்றாலும் அவர்தான். லைசென்சைப் புதுப்பிக்க மறந்துவிட்டு முழிப்பவர்கள், தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்த துப்பாக்கியைத் திரும்ப வாங்கத் தெரியாதவர்கள் எல்லாரும் அவரிடம் வருவார்கள். அவரோ தீபாவளி வெடிக்கே காதைப் பொத்திக்கொள்கிற ஆள். ஒரு துப்பாக்கியையும் வீட்டுக்குள் விட்டதில்லை.

சாயங்காலம் உடலைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து லோகநாயகி வந்து நின்றாள். துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருந்த அவள் புருஷனுக்குக் கருமாதி முடித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. கக்கத்தில் சுருட்டிய கோரைப்பாய். பிணத்துக்குத்தான் கொண்டு வந்திருக்கிறாள் என்று யாரோ கை நீட்ட, அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்துப் போன்ல அத எடுத்துக்கிட்டு வரச் சொன்னாரும்மா. பஸ்லயே கொண்டாந்துட்டேன்."

'அது' என்று வைத்திலிங்கம் சொன்னது லைசென்ஸ் புத்தகத்தை. இவளோ துப்பாக்கியையே பாயில் சுருட்டிக் கொண்டுவந்திருக்கிறாள் என்று மலர்க்கொடிக்குப் புரிந்தது. லைசென்ஸ்காரர் செத்த பிறகு துப்பாக்கி யார் கையில் இருந்தாலும் கேசு என்று அவர் தினம் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அழுவதா, இவளை அனுப்புவதா என்றே தெரியவில்லை.

"உள்ள கொண்டாராத. நேரா ஸ்டேஷனுக்குப் போ. அவரு செத்துட்டாரு, ஒப்படைக்க வந்திருக்கேன்னு சொல்லு. ரசீது வாங்காம நகராத."

"எவரு செத்துட்டாருன்னு சொல்லணும்?"

மலர்க்கொடி கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு கணம் அவளுக்கும் தெரியவில்லை.

"ஒங்க அவரு" என்றாள்.

தம்பி தேவநாதனைக் கூப்பிட்டாள். "மாமா இருந்தா இவங்களக் கூட்டிக்கிட்டுப் போயிருப்பாருடா. நீ போ."

"பாய்க்குள்ள குண்டு கிண்டு இருக்குமாக்கா? ஆட்டோ குலுங்குமே" என்று முனகிக்கொண்டே அவன் கிளம்பினான். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போவது வழக்கமில்லை. லோகநாயகியும் பாயை அணைத்துக்கொண்டு அப்படியே இறங்கிப் போனாள்.

தம்பி சொன்ன 'குண்டு' அப்போதுதான் மலர்க்கொடிக்கு உறைத்தது. தோட்டாக்களையும் சேர்த்து ஒப்படைக்க வேண்டும், மறந்தால் தனிக் கேசு என்று அவர் சொல்வாரே! அவள் வாசலுக்கு ஓடினாள். நாத்தனார் ஞானாம்பாள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சாவு வீட்டுலேருந்து போறவங்களத் திரும்பக் கூப்புடுவாங்களா அண்ணி? என்னா ஆச்சு ஒனக்கு?"

அதற்குள் ஆட்டோ தெருமுனை திரும்பிவிட்டது.

ஸ்டேஷனில் கொடுத்த ரசீதில் துப்பாக்கி மட்டும் இருக்கிறது. தோட்டாக்கள் இன்னும் லோகநாயகி வீட்டுப் பரண்மேல் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில்தான் கிடக்கின்றன.